பூஜ்யம் வரவில்லை

'இல்லை' என்பதற்கும் 'இன்னும் இல்லை' என்பதற்கும் நடுவில் ஒரு மனிதன் மூழ்கிப்போகும் அளவுக்கு இடம் இருக்கிறது, அந்த இடத்தை விட்டு வைத்தவள் நான்தான் என்று நெஜ்லா நினைத்துக்கொண்டாள்.

அவள் திரையில் மீனவர் ஹெதியின் படகு இன்னமும் பச்சைப் புள்ளியாகவே இருந்தது. அதன் பலகைகள் கெர்கென்னா தீவில் கரையொதுங்கி இரண்டு நாள் ஆகிவிட்டது.

ஸ்ஃபாக்ஸ் துறைமுகத்தின் நாற்பது மீன்பிடிப் படகுகளில் உள்ள, இருப்பிடம் சொல்லும் கருவிகள் அவள் எழுதிய நிரலோடுதான் பேசின. ஒரு படகின் பதிலுக்காக நின்றால் மற்றவை காத்துக் கிடக்கும் என்பதால் அந்த நிரல் எங்கும் நிற்காது. ஒவ்வொன்றிடமும் ஏதாவது வந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு நகர்ந்துவிடும். படகு இருக்கும் இடம் வந்தால் குறித்துக்கொள்ளும். பூஜ்யம் வந்தால் மறுமுனை தானே இணைப்பை மூடிவிட்டது என்று பொருள், புள்ளி சிவப்பாகும். 'இப்போதைக்கு ஒன்றுமில்லை' என்றால் பிறகு வந்து பார்க்கும். வலை போட்டு நிற்கிற படகு மணிக்கணக்கில் பேசாதுதான். அதனால் அந்த மூன்றாவது பதிலை அவள் உயிரோடிருப்பதன் அடையாளமாக எடுத்துக்கொண்டாள். ஒரே நொடியில் தண்ணீருக்குள் போகிற கருவிக்குப் பூஜ்யம் அனுப்ப நேரமிருக்காது என்பது தோன்றவே இல்லை. இங்கிருந்து அவ்வப்போது ஒரு வார்த்தை அனுப்பிப் பதில் வருகிறதா என்று பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலத்தோடு ஹெதியின் படகு பேச்சை நிறுத்தியிருந்தது. புதன்கிழமை அவர் மனைவி ஸொஹ்ரா விசாரிக்க வந்தாள். நெஜ்லாதான் பச்சையைக் காட்டி, கவலைப்படாமல் வீட்டுக்குப் போகச் சொன்னாள். தேடும் படகு வெள்ளிக்கிழமைதான் கிளம்பியது.

இப்போதும் நிரல் ஹெதியைக் கேட்டுக்கொண்டிருந்தது. இப்போதைக்கு ஒன்றுமில்லை. இப்போதைக்கு ஒன்றுமில்லை. அந்தப் பதிலைச் சொல்வது கடல் அல்ல, தன் மேஜையடியில் இருக்கும் கணினி என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் காபி ஆறும்போதும் முகம் கழுவும்போதும், பொறுமையான ஓர் ஆண்குரல் அதையே சொன்னது. இணைப்பைக் கையால் மூடிவிட மூன்று முறை முயன்றாள். விரல் வரவில்லை.

முதலாளி லஸ்ஸாத் வந்து கதவைச் சாத்தினார். துறைமுக அதிகாரிகள் மதியம் வருகிறார்களாம். தடை செய்த ஆழமில்லாத பகுதிக்குள் போகும்போது கேப்டன்கள் கருவியை அணைத்துவிடுவது ஊரறிந்ததுதானே என்றார். ஹெதியும் போன மாதம் இரண்டு முறை அணைத்திருக்கிறார், முறையாக அணைத்ததால் இரண்டு முறையும் பூஜ்யம் வந்து பதிவாகியிருக்கிறது.

"ஒரே ஒரு வரி, நெஜ்லா. செவ்வாக்கெழம சாயங்காலமும் பூஜ்யம் வந்துச்சுன்னு போட்ரு, பழி நம்ம மேல வராது. ஹெதி எந்திரிச்சு வந்து சண்டையா போடப்போறாரு?"

"மத்த முப்பத்தொம்பது படகும் இதே நிரலத்தான் நம்பிக் கடலுக்குப் போவுது, முதலாளி."

"அத நாளைக்குச் சரிபண்ணு, யாரு வேணாங்குறா? நீ எழுதினதும்மா அது. மொதல்ல உம்பேரத்தான் கேப்பாங்க."

உண்மைதான். தன் கணவன் தானே அணைத்துவிட்டான் என்று பிறர் சொல்ல ஸொஹ்ரா கேட்கப்போவதை நினைத்துப் பார்த்தாள். ஏன் அணைத்தாய் என்று பதில் வராத ஒருவனை ஆயுளுக்கும் கேட்டுக்கொண்டிருப்பாள்.

நெஜ்லா விசைப்பலகையிலிருந்து கைகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"பூஜ்யம் வரல," என்றாள் மெதுவாக. "வராதத வந்துச்சுன்னு நான் எழுதமாட்டேன்."