இனி விழலாம்

ஈப்போவுக்கு வடக்கே, பழைய ஏழாங்கட்டை ரப்பர் தோட்டத்தை அழித்துக் கட்டிய தாமான் மெலூர் குடியிருப்பில், பிள்ளை விழுந்தால் பெற்றவர்களுக்குத்தான் காயம் படும். கோவிட் கால நடமாட்டக் கட்டுப்பாடு முடிந்து, இரண்டு வருஷம் வீட்டுக்குள் அடைந்து கிடந்த பிள்ளைகள் ஒரே சாயங்காலத்தில் திடலுக்கு ஓடிவந்தார்களே, அன்றைக்குத் தொடங்கியது இது. முதலில் தெரியவந்தது லோரி ஓட்டும் சன்னாசிக்கு. தாப்பா பக்கம் நெடுஞ்சாலையில் போய்க்கொண்டிருந்தவருக்குத் திடீரென்று முழங்கால் திகுதிகுவென்று எரிந்தது. ஓரங்கட்டி நிறுத்தி, காற்சட்டையைச் சுருட்டிப் பார்த்தால் தோல் வழண்டு ரத்தம் கசிகிறது. அதில் மணலும் இரண்டு பச்சைப் புல்லும் ஒட்டியிருக்கின்றன. லோரிக்குள் ஏது புல்? வீட்டுக்கு வந்து விசாரித்தால், அதே நேரத்தில் மூத்தவன் கோகிலன் பந்தை விரட்டிப் போய்த் திடலில் குப்புற விழுந்திருக்கிறான். பையன் காலில் ஒரு கீறல் இல்லை.

காரணம் சொல்ல ஆளுக்கு ஆள் கிளம்பினார்கள். சுண்ணாம்பு மலையை உடைப்பதால் என்றார் ஒருவர், புதிதாக நட்ட தொலைபேசிக் கோபுரம் என்றார் இன்னொருவர். கடைசியில் எல்லாரும் ஒத்துக்கொண்டது வேறு. பிள்ளை விழுந்து அழும்போது நம் சனம் எந்த ஊரில் இருந்தாலும் வாய் தவறாமல் சொல்லும் வார்த்தை ஒன்று உண்டு: உனக்கு வர்றதெல்லாம் எனக்கு வரட்டும். ஓடிப் பழக்கம் விட்டுப்போன பிள்ளைகள் அன்று மாலை பொத்துப் பொத்தென்று விழ, மொத்தத் தாமானும் அதையே சொல்லியிருக்கிறது. மற்ற ஊர்களில் சொன்னதோடு சரி. இங்கே யாரோ காது கொடுத்துக் கேட்டுவிட்டார். அது முருகனா மாதாவா என்று கோயில்காரர்களுக்கும் சர்ச்காரர்களுக்கும் கொஞ்ச நாள் வாக்குவாதம் நடந்து, கோப்பிக்கடையில் ஆறிப்போனது. சில வீடுகளில் காயம் அம்மாவுக்கு வந்தது, சில வீடுகளில் அப்பாவுக்கு. யார் மனசாரச் சொன்னது என்பதில் இரண்டு குடும்பங்கள் பேச்சை நிறுத்திக்கொண்டன. ஒரு வீட்டில் மட்டும் கல்யாணம் ஆகாத அத்தை முத்தம்மாவுக்கு வந்தது. நெற்றியில் எலுமிச்சை அளவுக்கு வீங்கிய புடைப்பைத் தெரு முழுக்கக் காட்டிவிட்டுத்தான் அவர் பனிக்கட்டி வைத்தார்.

விவகாரம் முற்றியது நவமணியின் கையால். பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் வேலை பார்ப்பவர் அவர். தாமானுக்குப் பின்னால் மிச்சம் நிற்கும் ரப்பர் மரங்களில் ஒன்றில் ஏறிய அவருடைய மகன், கிளை முறிந்து விழுந்தான். பையன் தூசியைத் தட்டிக்கொண்டு எழுந்துவிட்டான். அங்கே சிற்றுண்டிச்சாலையில் மீ கோரெங் பிரட்டிக்கொண்டிருந்த நவமணிக்கு வலது கை ஒடிந்தது. மருத்துவமனையில் எப்படி விழுந்தீர்கள் என்று கேட்டதற்கு, "நான் விழல டாக்டர், மரத்துலேருந்து என் பையன் விழுந்தான்" என்று உள்ளதை உள்ளபடி சொன்னார். உடனே அவர் தலையையும் ஒரு படம் எடுத்துப் பார்த்தார்கள்.

அந்த ஞாயிறு குடியிருப்போர் சங்கம் கூடியது. எழுந்து பேசியவர் நைஜல். தொழிற்சாலை ஒன்றில் பாதுகாப்பு அதிகாரி. நல்ல மனிதர், ஆனால் கூரையில் பல்லி ஓடினாலும் கீழே நிற்பவனுக்குத் தலைக்கவசம் தேடுகிற ரகம். அவருக்கும் ஒரு காயம் பட்டிருந்தது. புதிய தொழிலாளர்களுக்குப் பாதுகாப்பைப் பற்றி வகுப்பெடுத்துக்கொண்டிருந்தபோது, வீட்டு வாசற்படியில் அவர் மகள் வெண்டி தடுக்கி விழ, முப்பது பேர் முன்னால் அவர் உதடு பிளந்தது. தன் உடம்புக்காகப் பயப்படுகிறவர் இல்லை அவர். கண்ணாடியில் அந்த உதட்டைப் பார்த்தபோது, இது எட்டு வயதுப் பிள்ளையின் வாயில் இருந்திருந்தால் என்று நினைத்தார். அந்த நினைப்பு அவரை விடவே இல்லை.

நவமணியின் கட்டுப்போட்ட கையைப் பார்த்தபடியே சங்கம் எல்லாவற்றுக்கும் தலையாட்டியது. ஊஞ்சலைச் சங்கிலியோடு கழற்றினார்கள், சறுக்குமரத்துக்குப் பலகை அடித்தார்கள். ஆணி வைத்த பம்பரம் கூடாது, பட்ட நூல் கூடாது, சூடுபறக்கத் தேய்த்து அடுத்தவன் தொடையில் வைக்கிற ரப்பர் கொட்டையும் கூடாது. பந்து என்றால் பஞ்சுப் பந்துதான். சைக்கிள் ஓட்டலாம், பெரியவர் ஒருவர் பிடித்துக்கொண்டே வரவேண்டும். அப்படிக் கூட ஓட யாருக்கு மூச்சு இருக்கிறது? சைக்கிள்கள் துருப்பிடித்தன. மற்றவர்களுக்குச் சொன்னதை நைஜல் தன் வீட்டில் இரண்டு மடங்கு செய்தார். வெண்டிக்கு வாங்கிய கரடிப் பொம்மைகளின் பொத்தான் கண்கள் தொண்டையில் சிக்கும் என்று பிடுங்கிவிட்டுத்தான் கொடுத்திருந்தார். கரடிகளுக்குப் பிறவியிலேயே கண் கிடையாது என்று ரொம்ப நாள் நம்பியிருந்தாள் அந்தப் பெண். மற்ற வீடுகளில் பிள்ளைகள் கண் தப்பி ஓடி அவ்வப்போது விழத்தான் செய்தார்கள். மூன்று வருஷத்துக்கு நைஜலின் உடம்பில் ஒரு கீறல் விழவில்லை. ஞாயிறு திருப்பலியில் மற்ற தகப்பன்மார்கள் முழந்தாளிட முடியாமல் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு முனக, அவர் மட்டும் சட்டென்று மண்டியிடுவார். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு, மறைப்பானேன்.

சட்டதிட்டம் எதற்கும் மசியாத ஒரே வீடு சன்னாசியுடையது. நாலு பிள்ளைகள். மனிதர் முகம், முழங்கை, முதுகு என்று பிளாஸ்டர் ஒட்டாத இடமில்லை. ஆனால் ஒன்று கவனிக்க வேண்டும். அப்பா லோரியில் இருக்கும் நேரத்தில் அந்த நாலும் வீட்டுக்குள் தாயக்கட்டை உருட்டிக்கொண்டிருக்கும். சாயங்காலம் லோரி தாமானுக்குள் வந்து நின்று, சன்னாசி ஹாரனை ஒரு அழுத்து அழுத்தினால் போதும், "அப்பா வந்தாச்சு, இனி விழலாம்!" என்று கத்திக்கொண்டு நாலும் திடலுக்குப் பாயும். திரும்பி வந்ததும் முதல் வேலையாக அப்பாவின் உடம்பைப் பார்ப்பார்கள். எந்த மேட்டில் என்ன வேகம் தாங்கும், எந்தச் சுவரிலிருந்து குதிக்கக் கூடாது என்பதெல்லாம் அந்தப் பிள்ளைகள் அப்பாவின் முட்டியைப் பார்த்துக் கற்றுக்கொண்டது. சின்னவள் மஞ்சள் மருந்தைத் தடவிவிட்டு, நாளைக்கு மெதுவாகப் போகிறேன் என்பாள். பாதி நாள் போகவும் செய்வாள்.

நைஜலுக்கு இது பொறுக்கவில்லை. ஒரு தடவை வேலியோரம் நிறுத்தி, "உங்களுக்குப் பொறுப்பே இல்லையா அண்ணே?" என்று கேட்டேவிட்டார். சன்னாசி தன் முழங்கையைத் திருப்பிக் காட்டினார். "இது என்னா தம்பி? பொறுப்பு இல்லாமதான் இப்படி இருக்கா? என் தோல்தானே போகுது லா." நைஜல் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

போன வருஷம்தான் அடுத்த விஷயம் தெரிந்தது. கோகிலனுக்குப் பன்னிரண்டு முடியும் தறுவாய். ஒரு சாயங்காலம் லோங்காங் சாக்கடை ஓரத்தில் ஓடும்போது விழுந்தான். சன்னாசி வழக்கம்போலக் காற்சட்டையைச் சுருட்டிக்கொண்டு காத்திருந்தார். ஒன்றும் வரவில்லை. ரத்தம் பையன் முட்டியிலிருந்து வந்தது. கோகிலன் அதைப் பார்த்து முகம் சுளித்து, கைக்குட்டையை எடுத்துக் கட்டிக்கொண்டு மறுபடி ஓடினான். விழும்போதே கையை ஊன்றிப் பக்கவாட்டில் உருண்டிருந்தான், வருஷக்கணக்கில் பழகியது. திடல் நடுவில் உட்கார்ந்து ஓவென்று அழுதது சன்னாசிதான். பிறகு மற்ற வீடுகளிலும் அப்படியே நடந்தது. தொடக்கப்பள்ளியில் ஆறாம் ஆண்டு முடிகிற சமயத்தில், ஓரிரண்டு மாதம் முன்னே பின்னே, காயம் பிள்ளைக்கே திரும்பிவிடுகிறது. பன்னிரண்டு வயசுக்கு மேல் அவரவர் விழுவது அவரவர் கணக்கு.

அதே வருஷம், சட்டதிட்டத்தை அட்சரம் பிசகாமல் கடைப்பிடித்த பத்துமலை என்பவரின் மகள் இடைநிலைப்பள்ளிக்குப் போன முதல் வாரம் பஸ் படியில் கால் தடுக்கினாள். கையை ஊன்ற அவளுக்குத் தெரியவில்லை. மரம் சாய்வதுபோல் நேராக விழுந்து முன்பல் இரண்டு போயிற்று. பல் போனதுகூடப் பெரிதில்லை. வலி எப்படி இருக்கும் என்பதே அந்தப் பெண்ணுக்கு மறந்துபோயிருந்தது. யாரோ தன்னை வேண்டுமென்றே தண்டித்துவிட்டதாக நினைத்து, ரொம்ப நாள் வாசலைத் தாண்டவே மாட்டேன் என்று அடம்பிடித்தாள். ஆறுதல் சொல்லப் போன நைஜல், கதவிடுக்கு வழியாக அவள் கண்ணைப் பார்த்துவிட்டு வந்தார். வெண்டிக்கு அப்போது பதினொன்றரை வயது. அன்று அவர் சாப்பிடவில்லை. மகள் அப்பா செலவில் விழுவதற்கு இன்னும் சில மாதங்கள்தான் மிச்சம். இவ்வளவு காலமும் அந்த வாய்ப்பைத் தன் கையாலேயே பூட்டி வைத்திருந்தோம் என்று வெட்கப்பட்டார். தாதியாக வேலை பார்க்கும் மனைவி பமேலாவிடம் சொன்னபோது அவர், "இப்பவாச்சும் புத்தி வந்துச்சே" என்று சொல்லி, கிளினிக்கிலிருந்து பெரிய பஞ்சுப் பொட்டலமாக வாங்கி வந்து வைத்தார்.

மறு சனிக்கிழமை பழைய சைக்கிள் ஒன்றைத் துடைத்து எண்ணெய் விட்டு நைஜல் திடலுக்குத் தள்ளி வந்தார். வெண்டி ஏற மறுத்துவிட்டாள். பயம் தனக்காக இல்லை, அதுதான் அவருக்கு நெஞ்சில் தைத்தது.

"நான் விழுந்தா உங்களுக்குத்தானேப்பா ரத்தம் வரும்? நான் மாட்டேன்."

"வரட்டுமே. அதுக்கு என்னா இப்ப?"

"உதடு கிழிஞ்சப்ப நீங்க சூப்புகூட குடிக்க முடியாம உட்கார்ந்திருந்தீங்க. நான் பார்த்தேன்."

தன்னிடமிருந்துதான் பிள்ளை இந்தப் பயத்தைக் கற்றுக்கொண்டிருக்கிறாள் என்று நைஜலுக்குப் புரிந்தது. தான் மூன்று வருஷமாக அவளைக் காத்ததுபோல, அவளும் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்து தன்னைக் காத்துவந்திருக்கிறாள். அவர் புல்லில் மண்டியிட்டு, தழும்பே இல்லாத தன் இரண்டு முட்டிகளையும் காட்டினார். "இங்க பாரு மா. உன் கூட்டாளிங்க அப்பா எல்லாரும் பிளாஸ்டரோட சர்ச்சுக்கு வாராங்க. நான் மட்டும் புதுச் சட்டை மாதிரி வாரேன். எனக்கு வெட்கமா இருக்கு லா. உனக்காகத்தானே இதை வச்சிருக்கேன், வேற எதுக்கு?" வெண்டிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே ஏறினாள், நாலு அடி போவதற்குள் விழுந்தாள். அவர் முட்டி கிழிந்தது. "ஐயோ அம்மா" என்று வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டு, இன்னொரு தடவை என்று கையைக் காட்டினார்.

அந்த மாதங்களில் நைஜல் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. முட்டி, முழங்கை, உள்ளங்கை, ஒரு தடவை மூக்கு. தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரியே தினம் கட்டுப்போட்டு வருகிறாரே என்று சிரித்தார்கள். வெண்டி ஒவ்வொரு முறையும் ஓடிவந்து பார்த்தாள், கேட்டாள், யோசித்தாள். வளைவில் வேகத்தைக் குறைக்கவும், விழப்போகிறோம் என்று தெரிந்தால் சைக்கிளை விட்டுவிட்டுப் புல் பக்கம் சாயவும் அப்படித்தான் படித்தாள். இதைப் பார்த்த மற்ற வீடுகளும் மெல்லக் கதவைத் திறந்தன. நைஜலே ஊஞ்சலைத் திரும்ப மாட்டினார். சறுக்குமரத்தின் கீழே மணல் கொட்டினார், லோங்காங்குக்கு மூடி போடவைத்தார், முறியக்கூடிய கிளைகளை வெட்டச் சொன்னார். தொழில் தெரிந்தவர் அல்லவா, அவர் கொட்டிய மணலுக்காகப் பல தாய்மார்களின் இடுப்பு இன்றும் நன்றி சொல்லும். வேலை முடிந்து ஆறு மணிக்குத் திடல் ஓரத்தில் பெற்றவர்கள் வரிசையாகப் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, காற்சட்டையையும் சேலையையும் கொஞ்சம் தூக்கிக்கொண்டு உட்காருவது வழக்கமாயிற்று. எங்கேயாவது ஒரு பிள்ளை விழும். வரிசையில் யாராவது "ஆ" என்பார்கள். பக்கத்தில் இருப்பவர் மருந்துப் போத்தலை நீட்டுவார். பேச்சு விட்ட இடத்திலிருந்து தொடரும்.

இந்த வருஷம் பள்ளி விடுமுறைக்கு முந்தின வெள்ளிக்கிழமை, வெண்டி திடலைச் சுற்றி வேகமாக வந்து, குறுக்கே ஓடிய பூனைக்காகப் பிரேக்கைப் பிடித்து, சைக்கிளை விட்டுப் பக்கவாட்டில் சாய்ந்து உருண்டாள். அழகான விழுகை என்று சன்னாசியே சொன்னார். நைஜல் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தார். எரியவில்லை. குனிந்து பார்த்தார், பழைய தழும்புகள்தான் இருந்தன. நிமிர்ந்தபோது மகள் புல்லில் உட்கார்ந்து தன் முட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஓடவேண்டும்போல் இருந்தது, ஓடாமல் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டார். அவளே எழுந்து, நொண்டிக்கொண்டு, அவரிடம் வந்தாள்.

"வலிக்குதுப்பா" என்றாள். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அந்த வார்த்தையைச் சொன்னாள். பிறகு அவர் காலைப் பார்த்தாள், தழும்புகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். "இவ்வளவு நாளா உங்களுக்கு இப்படியா வலிச்சுச்சு?"

"சேச்சே, எனக்கு எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்."

"பொய்" என்றாள் வெண்டி. குனிந்து முதலில் அவருடைய முட்டியில் ஊதினாள், பிறகுதான் தன்னுடையதில். மருந்தைத் தானே போட்டுக்கொண்டாள். இருட்டுவதற்குள் இன்னும் ரெண்டு சுற்று போய்வருகிறேன் என்று சொல்லி, சைக்கிளை நிமிர்த்தி ஏறிப் போனாள். நைஜல் காற்சட்டையை இறக்கிவிட்டுக்கொண்டு, அவள் வரும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தார்.