கடைசி ஸ்டாப்பைத் துரத்தி

“வெந்நீர் சிந்துதுய்யா, மெதுவா மிதி!”

“மெதுவா மிதிச்சா பஸ்ஸு முன்னாடி போய்ச் சேந்துடும். எது வேணும், சொல்லு.”

“வேகமா மிதி!”

சக்கரபாணி மூன்று சக்கர வண்டியை மிதிக்க, அவர் மனைவி செல்வாம்பாள் சாக்கு சுற்றிய பாய்லரைக் கட்டிப்பிடித்தபடி பின்னால் உட்கார்ந்திருந்தாள். அவர்களுடைய டீக்கடை மொத்தமும் அந்த வண்டிதான். பாண்டிச்சேரி டவுன் பஸ் எங்கே போய்த் திரும்புகிறதோ அங்கே கடை. பஸ் பத்து நிமிஷம் நிற்கும். டிரைவர் டீக்கு இறங்குவார். அவர் இறங்கினால் பஸ்ஸே இறங்கும். முதலில் நெல்லித்தோப்பு, அப்புறம் ரெட்டியார்பாளையம், அப்புறம் மூலக்குளம் என்று கடைசி ஸ்டாப் நகர நகரக் கடையும் நகர்ந்தது. இன்றிலிருந்து பஸ் மூலக்குளத்தைத் தாண்டி, புதிதாகப் பிளாட் போட்ட குறிஞ்சி நகர் வரைக்கும் போகிறது. முதல் நடைக்கே இடம் பிடிக்காவிட்டால் நாளைக்கு வேறு யாராவது அங்கே பாய்லரோடு நிற்பார்கள்.

“இந்த ஊரு ஏன்யா ஒரு எடத்துல நிக்க மாட்டேங்குது?”

“அது ரோட்டப் புடிச்சிகிட்டு நீளமா ஓடும். மூச்சு வாங்கினதும் ரெண்டு பக்கமும் உக்காரும். அது உக்கார்றதுக்குள்ள நாம ஓடிடணும்.”

“உக்காந்த ஊர்ல டீ குடிக்க மாட்டாங்களா?”

“குடிப்பாங்க. நாப்பது கடை வந்துடும். ஓரத்துல நாம மட்டுந்தான்.”

குறிஞ்சி நகரில் மஞ்சள் பெயின்ட் அடித்த பிளாட் கற்களும், ஒரு கரண்ட் கம்பமும், உயர்ந்த மதில் வைத்த ஒரே ஒரு வீடும் இருந்தன. வீட்டைத் தாண்டி, காய்ந்த வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் ஒரு புங்கமரம். செல்வாம்பாளுக்கு நிழலைப் பார்த்ததும் தலைகால் புரியவில்லை. வண்டியை வாய்க்கால் தாண்டித் தள்ளிக்கொண்டு போய் மரத்தடியில் நிறுத்தினார்கள்.

பஸ் வந்தது. பிளாட் பார்க்க வந்த கூட்டம் உள்ளே நெருக்கியடித்தது. வீட்டு கேட்டுக்கு எதிரே ஒரு வட்டம் அடித்து நின்றது. எஞ்சின் உறுமிக்கொண்டே இருந்தது. டிரைவர் சீட்டில் இருக்கும்போது, விட்டுவிட்டுக் கிளம்பிவிடுவானோ என்று, பஸ்ஸை விட்டு இறங்க யாருக்கும் தைரியம் வரவில்லை.

“கோபி! டீ ரெடி, வாடா!”

டிரைவர் கோபிநாத் தலையை வெளியே நீட்டினான். “அக்கா, எங்க நிக்கற தெரியுதா?”

“மரத்தடியில.”

“தமிழ்நாட்டுல.”

அவள் குனிந்து பார்த்தாள். புல்லுக்குள் எல்லைக்கல். இந்தப் பக்கத்தில் எல்லை நேராகவா போகிறது? ஒரு வயல் பாண்டி, அடுத்த வயல் தமிழ்நாடு.

“அறுபது அடிடா!”

“டூட்டில ஸ்டேட் தாண்டக் கூடாதுக்கா. கோரிமேட்டுல வெத்தல வாங்க அந்தாண்ட போயி மெமோ வாங்கினவன் நானு.”

“அப்ப எஞ்சினயாவது நிறுத்தேன்!”

“ஃபேன் நின்னுடும். வேர்க்குது.”

அப்போது கேட் திறந்தது. அரைக்கால் சட்டையோடு வெளியே வந்தவர் தொமினிக். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷனோடு திரும்பிய சிப்பாய்; ஊர்ப் பேச்சில் சொல்தா.

“மிசியே! நீங்க பிரான்சுல மக வீட்டுக்குப் போறதா சொன்னீங்களே!” என்றாள் செல்வாம்பாள்.

“உனக்குத் தெரியக் கூடாதுன்னுதான் சொன்னேன்! சத்தம் வேணாம்னு நெல்லித்தோப்புல வீடு கட்டினேன். ரோடு வந்துச்சு, வெளக்கு வந்துச்சு, பஸ்ஸு வந்துச்சு, பின்னாடியே நீ வந்த. ரெட்டியார்பாளையம் போனேன். ரோடு, வெளக்கு, பஸ்ஸு, நீ! மூலக்குளம் போனேன்…”

“நாங்க உங்களத் தொரத்தல மிசியே, பஸ்ஸத்தான் தொரத்தறோம்,” என்றார் சக்கரபாணி.

“பஸ்ஸு என்னத் தொரத்துதே!”

ஜன்னலுக்கு ஜன்னல் சிரிப்பு.

“உங்க கேட்டாண்ட ஒரு ஓரம் குடுங்க மிசியே.”

“ஜமே! என் உசுரு போனாலும் கெடையாது. நான் நிம்மதிக்கு வந்தவன்.”

“என்னது?”

“நிம்மதி!”

“எஞ்சின் சத்தத்துல கேக்கல மிசியே!”

“நிம்ம…தி! யோவ் டிரைவர், நிறுத்துய்யா!”

“எறங்கினா நிறுத்துவேன். எறங்கி என்னா பண்றது?”

“டீ குடி!”

“டீ தமிழ்நாட்டுல இருக்கு.”

தொமினிக் பஸ்ஸைப் பார்த்தார், பாய்லரைப் பார்த்தார், தன் கேட்டைப் பார்த்தார்.

“ஒரு நாளைக்கு எத்தன நடை?”

“பதினாலு.”

“பதினாலு தடவ இந்த உறுமலா? மொன் தியே, கடவுளே! செல்வாம்பா, வண்டியத் தூக்கு! கேட்டாண்ட கொண்டா!”

“ஜமேன்னீங்க?”

“வித், வித்! சீக்கிரம்!”

அவ்வளவுதான், டீ குடிக்காமல் டிரைவர் கிளம்ப மாட்டான் என்று தெரிந்ததும் பஸ்ஸே இறங்கியது. பத்துப் பேர் சேர்ந்து, கொதிக்கிற பாய்லரோடு வண்டியை வாய்க்காலுக்கு மேலே தூக்கினார்கள்.

“எப்பவும் பாண்டிலேருந்துதான்டா தமிழ்நாட்டுக்குச் சரக்கு போவும். மொத மொதல்ல அங்கேருந்து இங்க வருது!” என்றான் தூக்கியவர்களில் ஒருவன்.

“சிரிக்க வெக்காதய்யா, சுடுதண்ணி!”

கோபிநாத் சாவியைத் திருகிவிட்டு இறங்கினான். சட்டென்று எங்கோ ஒரு கரிச்சான் குருவி கத்துவது கேட்டது. தொமினிக்கின் கைக்குக் கிளாஸ் வந்தது. சர்க்கரை இல்லை, டிகாஷன் தூக்கல், மூலக்குளத்தில் திட்டிக்கொண்டே தினமும் குடித்த அதே டீ. கண்ணை மூடி ஒரு மடக்கு உறிஞ்சினார்.

செல்வாம்பாள் டீயை ஆற்றியபடி மெல்லக் கேட்டாள். “மிசியே, அடுத்து எங்க நெலம் பாத்து வெச்சிருக்கீங்க?”

“சொல்ல மாட்டேன்.”

“வில்லியனூர் தாண்டியா?”

அவர் அவசரமாக அடுத்த மடக்கைக் குடித்தார்.

“காது செவக்குது பாரு,” என்றார் சக்கரபாணி. “அங்கதான்.” குனிந்து மூன்று டயரிலும் காற்று இருக்கிறதா என்று அமுக்கிப் பார்த்தார்.