ஒரு கால் தரையில்

பிரிஜட் அந்த வண்டியை வாங்கியதற்கு ஒரே காரணம், அதற்கு மூன்று சக்கரம் இருந்ததுதான். முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று. ஈசூனில் மருதப்பன் என்பவர் அதைத் தன் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே நிறுத்தி வைத்திருந்தார். மூட்டுவலி வந்ததால் ஓட்டுவதை விட்டவர். "மழையில வழுக்காதும்மா. ஆறு வருஷம் ஓட்டினேன், ஒரு நாளும் வழுக்கல," என்று சொன்னார். பிரிஜட் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். முன் சக்கரங்கள் இரண்டையும் பார்த்தபோதே அவளுக்கு மனம் லேசானது.

அவள் உயரம் நூற்று நாற்பத்தேழு சென்டிமீட்டர். போன வருஷம் வரை இரண்டு சக்கர ஸ்கூட்டர் ஒன்றை ஓட்டிக்கொண்டிருந்தாள். ஒருநாள் சாங்கிக்கு வேலைக்குப் போகும் வழியில் சிக்னலில் நின்றாள். கால் ஊன்றிய இடத்தில் சாலை கொஞ்சம் பள்ளமாக இருந்தது. கால் விரல் தரையைத் தேடியது, தரை கிடைக்கவில்லை. வண்டியோடு சாய்ந்து விழுந்தாள். பின்னால் வந்த லாரி பிரேக் அடித்து நின்றது. தலையைத் திருப்பியபோது அதன் நம்பர் பிளேட் ஹெல்மெட்டிலிருந்து ஒரு முழத் தூரத்தில் இருந்தது. கணுக்காலில் ஒரு எலும்பு உடைந்தது. வீட்டில், "சிக்னல்ல சாஞ்சுட்டேன்," என்று மட்டும் சொன்னாள். லாரியைப் பற்றி யாரிடமும் சொல்லவில்லை. ஸ்கூட்டரை விற்றுவிட்டு, மார்சிலிங்கிலிருந்து கம்பெனி வேனில் வேலைக்குப் போய்வந்தாள்.

இப்போது வட பகுதிக்கு வேன் இல்லை என்று கம்பெனி அறிவித்துவிட்டது. அதே மாதத்தில்தான், சாங்கி விமானச் சரக்கு முனையத்தில் மருந்துகள் வைக்கும் குளிர் அறையின் பொறுப்பு அவளுக்கு வந்திருந்தது. பதினோரு வருஷம் காத்திருந்து கிடைத்தது. வரும் திங்கள் முதல் காலை ஆறு மணி ஷிஃப்ட். முதல் ரயிலைப் பிடித்தாலும் ஆறு மணிக்குப் போய்ச் சேர முடியாது.

அவள் கணவன் சூசைநாதன் பஸ் கேப்டன். சிராங்கூன் ரோடு வழியாகப் போகும் தடத்தில் ஓட்டுகிறவன். மோட்டார் சைக்கிள் என்றாலே அவன் முகம் மாறிவிடும். "கண்ணாடியில தினமும் பாக்குறேன் பிரிஜட். எங்கருந்து வர்றானுங்கன்னே தெரியாது. திடீர்னு காணாம போயிடுவானுங்க." ஒரு வாரம் யோசித்தான். பிறகு, "மூணு சக்கரம்னா சரி. விழாதுல்ல?" என்று கேட்டான்.

"விழாது," என்றாள் பிரிஜட்.

புதன்கிழமை காலை சுங்கை காடூட்டில் இருந்த ஒர்க்‌ஷாப்புக்குப் போனாள். அந்த வாரம் அவளுக்கு மாலை ஷிஃப்ட். ஷபானா என்ற பெண் நடத்தும் இடம் அது. முப்பத்தெட்டு வயது, நல்ல உயரம், கை முழுக்க கிரீஸ். ஈசூனிலிருந்து வண்டியை அவளே ஓட்டிக்கொண்டு வந்து நிறுத்தியிருந்தாள்.

"ஏறி உக்காருங்க அக்கா. ஸ்டாண்டை எடுக்காதீங்க," என்றாள்.

பிரிஜட் ஏறினாள். சீட் அகலமாக இருந்தது. இரண்டு பக்கமும் கால் விரல் நுனிதான் தரையைத் தொட்டது. ஷபானா குனிந்து பார்த்தாள், அளவு நாடாவை எடுத்து எதையோ அளந்தாள்.

"பரவால்ல லா," என்றாள் பிரிஜட். "மூணு சக்கரம்தானே, அதுவே நின்னுக்கும்."

ஷபானா நிமிர்ந்தாள். "யார் சொன்னது?"

"யாரும் சொல்லல. மூணு சக்கரம்னா..."

"அக்கா, இது நிக்காது. வளைவுல சாயணும்னுதான் முன்னாடி ரெண்டு சக்கரத்தையும் சாயிற மாதிரி செஞ்சிருக்காங்க. ஓடுறப்போ நல்ல பிடிப்பு. நின்னா ரெண்டு சக்கர வண்டி மாதிரியேதான், கால் ஊனலைன்னா சாஞ்சிடும். சில மாடல்ல பூட்டு இருக்கும், பட்டனை அமுக்கினா நேரா நிக்கும். இதுல கிடையாது."

ஷபானா பின்னால் போய் வண்டியைப் பிடித்துக்கொண்டு, "இப்ப ஸ்டாண்டை எடுங்க," என்றாள். பிரிஜட் எடுத்தாள். வண்டி மெதுவாக இடப்பக்கம் சரியத் தொடங்கியது. முன் சக்கரங்கள் இரண்டும் அதோடு சேர்ந்தே சாய்ந்தன. அந்த இரண்டையும் நம்பித்தான் பிரிஜட் வண்டியை வாங்கியிருந்தாள். ஷபானா பிடித்து நிறுத்தினாள். பிரிஜட்டின் உள்ளங்கை வேர்த்துவிட்டது.

இறங்கி, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தாள். மருதப்பன் பொய் சொல்லவில்லை. வழுக்காது என்றுதான் சொன்னார். விழாது என்று சொன்னது அவள்.

"திருப்பிக் குடுத்துடலாமா?" என்று கேட்டாள்.

"அது உங்க இஷ்டம். ஆனா உங்களுக்கு இதை ஓட்டுற மாதிரி பண்ண முடியும். ரெண்டு காலும் ஊன வேணாம். ஒரு கால், முழுப் பாதம், அது போதும். உங்களுக்கு உயரத்தைவிட சீட்டோட அகலம்தான் பிரச்சினை. சீட் தொடையை ரெண்டு பக்கமும் விரிக்குது, அதுலயே பாதி உயரம் போயிடுது."

"பின்னாடி ஸ்பிரிங்கை இறக்க முடியாதா?"

"செய்ய மாட்டேன். பின்பக்கம் மட்டும் இறங்கினா முன்னாடி ஸ்டியரிங் குணமே மாறிடும். ஸ்டாண்டு போட்டா அதுமேல சாயாம நேரா நிக்கும், சின்னதா யாராவது தட்டினா மறுபக்கம் விழும். சீட்டை மட்டும் செதுக்கறேன். அப்புறம்," ஷபானா கொஞ்சம் தயங்கினாள், "இன்னொண்ணு காட்டணும்."

இடது முன் டயரின் உள்விளிம்பு தேய்ந்து வழுவழுப்பாக இருந்தது. வலது டயர் நன்றாக இருந்தது. ஷபானா சக்கரத்தை இரு கையால் பிடித்து ஆட்டினாள். டக் டக்கென்று சின்னதாக ஒரு சத்தம் வந்தது. ஸ்டியரிங்கையும் சக்கரத்தையும் இணைக்கும் கம்பியின் மூட்டு தேய்ந்திருந்தது. அது கழன்றால் ஒரு சக்கரம் ஒரு பக்கமும் இன்னொன்று வேறு பக்கமும் போகும். புது மூட்டு வெள்ளிக்கிழமைதான் வரும்.

அன்று இரவுச் சாப்பாட்டில் சூசைநாதன், "வண்டி எப்படி?" என்று கேட்டான். பிரிஜட் மீன் முள்ளை ஒதுக்கிக்கொண்டே, "ஒரு டயர் மாத்தணுமாம்," என்றாள். நின்றால் சாயும் என்ற அடுத்த வாக்கியம் நாக்கு வரை வந்தது. சொன்னால், வேண்டாம் என்பான். அவன் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் அவளும் சரி என்றுவிடுவாள். அதுதான் அவளுக்கு அதிகப் பயமாக இருந்தது. தண்ணீர் குடித்தாள்.

வியாழனும் வெள்ளியும் அவளுக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. வேலைக்குப் போகும் ரயிலில் நின்றுகொண்டே காலை விரித்து, பாதம் எவ்வளவு தூரம் போகிறது என்று பார்த்துக்கொண்டாள். வெள்ளிக்கிழமை மதியத்துக்கு முன்னால் ஷபானா ஒரு படம் அனுப்பினாள். சீட்டின் உறையை உரித்து, உள்ளே இருந்த மஞ்சள் பஞ்சை நீளக் கத்தியால் செதுக்கியிருந்தாள். முன்பக்கம் இரண்டு ஓரமும் மெலிந்து, சைக்கிள் சீட்டின் மூக்கு மாதிரி இருந்தது. கீழே எழுதியிருந்தாள்: "மூட்டு வந்துடுச்சு. நாளைக்கு வாங்க. தடிமனான சோல் வச்ச ஷூ போட்டுட்டு வாங்க."

சனிக்கிழமை பிரிஜட்டுக்கு விடுமுறை. மதியம் ஒர்க்‌ஷாப்புக்குப் பின்னால் இருந்த கான்கிரீட் சந்தில் வண்டி நின்றது. புது டயர், புது மூட்டு. பிரேக் பிடியையும் ஷபானா உள்ளே தள்ளி வைத்திருந்தாள், பிரிஜட்டின் சின்ன விரல்களுக்கு எட்டும்படி. பிரிஜட் ஏறி உட்கார்ந்தாள். இரண்டு காலையும் ஊன்றினால் இன்னும் முன்பாதம்தான் பட்டது. இடுப்பைக் கொஞ்சம் இடப்பக்கம் நகர்த்தினாள். இடது பாதம் குதிகாலோடு தரையில் பதிந்தது.

"முதல்ல தூக்கக் கத்துக்கங்க," என்றாள் ஷபானா. பழைய மெத்தை ஒன்றை விரித்து, வண்டியை அதன்மேல் சாய்த்துப் படுக்க வைத்தாள். நூற்று அறுபது கிலோ. "முதுகை சீட்ல வைங்க. குந்துங்க. கையால தூக்காதீங்க, காலால பின்னாடி தள்ளுங்க."

முதல் தடவை அசையவில்லை. இரண்டாம் தடவை பாதி வந்து திரும்ப விழுந்தது. மூன்றாம் தடவை பல்லைக் கடித்துக்கொண்டு பின்னால் தள்ளி, வண்டியை முழுக்க நிமிர்த்தியபோதுதான், சந்தின் முனையில் சூசைநாதன் நிற்பதைப் பார்த்தாள். வேலை முடிந்து யூனிஃபார்மோடு வந்திருந்தான். கையில் மூன்று பேருக்கு பிரியாணிப் பொட்டலம்.

ஷபானா பொட்டலத்தை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

"விழாதுன்னு சொன்னியே," என்றான்.

"எனக்கும் அப்படித்தான் தெரியும். புதன்கிழமை வரைக்கும்."

"இன்னைக்கு சனி."

"ஆமா."

அவன் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் அவளும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பாள். அவன் அங்கே கிடந்த டயர் அடுக்கின்மேல் உட்கார்ந்தான். பிரிஜட் வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தினாள். இனி மறைத்துப் பயனில்லை என்று தோன்றியது.

"போன வருஷம் விழுந்தேன்ல. பின்னாடி லாரி இருந்துச்சுங்க. நம்பர் பிளேட்டை என்னால படிக்க முடிஞ்சுது. இவ்வளவு தூரம்." கையால் காட்டினாள். "உங்ககிட்ட சொல்லல. சொன்னா பஸ் ஓட்டுறப்போ அதையே நெனைப்பீங்க."

சூசைநாதன் கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்தான்.

"அப்போ எதுக்கு மறுபடியும் ஏறணும்?"

"அந்தக் குளிர் ரூம் எனக்கு வேணும். அதை வேற யார்கிட்டயும் குடுக்க எனக்கு மனசில்ல. பயமாத்தான் இருக்கு. வேணாம்னு நீங்க சொன்னா விட்டுடுவேன். அப்புறம் ஆயுசுக்கும் உங்க மேல கோபமா இருப்பேன்."

அவன் எழுந்தான். பிரியாணி சாப்பிட உள்ளே போகிறான் என்று நினைத்தாள். அவன் சந்தின் நடுவில் போய் நின்றான். அவளிடமிருந்து ஐம்பது அடி இருக்கும்.

"ஓட்டிட்டு வா. நான் எப்ப கையைத் தூக்குறேனோ அப்ப நிறுத்தணும். நான்தான் சிக்னல்."

ஓட்டினாள். ஓடும்போது வண்டி அமைதியாக, கனமாக, நம்பும்படியாக இருந்தது. அவன் கை உயர்ந்தது. பிரேக் பிடித்தாள். கடைசி நொடியில் வண்டி ஆடியது. இடுப்பை நகர்த்தினாள், பாதம் பதிந்தது. நின்றது.

"மறுபடியும்."

அவன் நேரம் சொல்லாமல் கையைத் தூக்கினான். ஒருமுறை வெகு தூரத்தில், ஒருமுறை கிட்டத்தட்ட முகத்துக்கு நேராக. பஸ் ஓட்டுகிறவனுக்குத் தெரியும், சாலையில் எதுவும் சொல்லிவிட்டு வராது என்று. பதினொன்றாம் தடவை ஹேண்டில் திரும்பியிருந்தபோது பிரேக் பிடித்துவிட்டாள். வண்டி வலப்பக்கம் சாய்ந்தது. அந்தப் பக்கம் அவள் பழகவே இல்லை. வலது கால் ஊன்றி ஒரு கணம் தாங்கியது, பிறகு முடியவில்லை. வண்டியை விட்டுவிட்டு நகர்ந்தாள். வண்டி கான்கிரீட்டில் விழுந்தது. கண்ணாடி ஒன்று தெறித்தது.

சூசைநாதன் ஓடி வந்தான். மூன்றடி தள்ளி நின்றுவிட்டான். அவன் இரண்டு கையும் முன்னால் நீண்டிருந்தன. அவளைத் தொடவில்லை, வண்டியையும் தொடவில்லை.

"அடியா?"

"இல்ல."

"சரி. தூக்கு."

அவள் முதுகைச் சீட்டில் வைத்துக் குந்தினாள். தள்ளினாள். முதல் தடவையிலேயே எழுந்தது. உள்ளேயிருந்து ஷபானா வந்து வேறொரு கண்ணாடியை மாட்டினாள்.

அதற்குப் பிறகு நாற்பது தடவையாவது நிறுத்தியிருப்பாள். பாதி வலது காலில். பிரியாணி ஆறிப்போனது.

திங்கள் காலை ஐந்து மணிக்குக் கிளம்பினாள். அவனுக்கும் காலை ஷிஃப்ட், நாலு மணிக்கே டிப்போவுக்குப் போய்விட்டான். வீட்டு வாசலில் மாதா படத்துக்கு முன்னால் நின்று சிலுவை போட்டுக்கொண்டாள். கீழே வந்தபோது தூறல் தொடங்கியிருந்தது. உட்லண்ட்ஸ் தாண்டியதும் நல்ல மழை. ஒவ்வொரு சிக்னலும் தூரத்தில் சிவப்பாகத் தெரியும்போதே வேகத்தைக் குறைத்தாள். ஒவ்வொன்றிலும் இடுப்பை நகர்த்தி, பாதம் எங்கே படப்போகிறது என்று முன்னாலேயே பார்த்துக்கொண்டாள். தம்பனீஸ் பக்கம் ஒரு ஏற்றத்தில் நிற்க வேண்டி வந்தது. வண்டி பின்னால் உருளப் பார்த்தது. பிரேக்கை விடாமல் காலை ஊன்றினாள். குதிகால் தரையில் இருந்தது. பச்சை விழும்வரை நாற்பத்திரண்டு எண்ணினாள்.

சாங்கி சரக்கு முனையத்தில் வண்டியை நிறுத்தியபோது மணி ஐந்து ஐம்பது. ஹெல்மெட்டின் வாரை அவிழ்க்க விரல்கள் வரவில்லை. அதே குளிர் அறையில் வேலை பார்க்கும் ருக்சார் குடையோடு வந்து அவிழ்த்துவிட்டாள்.

"ஏன் அக்கா இப்படி நடுங்குறீங்க, குளிரா?"

"இல்ல. பயம்," என்றாள் பிரிஜட். ருக்சார் சிரித்தாள். பிரிஜட்டுக்குச் சிரிக்க வரவில்லை. ஆனாலும் சொல்லிவிட்டதில் கொஞ்சம் நிம்மதி இருந்தது.

"வந்துட்டேன்," என்று கணவனுக்கு ஒரு வரி அனுப்பினாள். அவன் ஓட்டிக்கொண்டிருப்பான், பார்க்க முடியாது என்று தெரியும். குளிர் அறைக்குள் போய் வெப்பநிலைகளைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டாள். ஏழே காலுக்குப் பதில் வந்தது. முதல் நடை முடிந்ததும் அனுப்பியிருப்பான்.

"ஸ்டாண்டு சரியா போட்டியா?"

போட்ட நினைவு அவளுக்கு வரவில்லை. சாவியை எடுத்தது ஞாபகம் இருந்தது. அதற்கு முன் என்ன செய்தாள் என்பது இல்லை. தடித்த ஜாக்கெட்டோடு சரக்கு இறக்கும் வாசலுக்கு வேகமாக நடந்தாள். மழை இன்னும் விடவில்லை. வாகன நிறுத்தத்தில், மற்ற ஸ்கூட்டர்களுக்கு நடுவில், வண்டி இடப்பக்கம் ஸ்டாண்டில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தது.

"போட்டிருக்கேன்," என்று எழுதினாள். எழுதிவிட்டு இன்னொரு தடவை எட்டிப் பார்த்துக்கொண்டு உள்ளே போனாள்.