கர்த்தர் தாங்குவார், பின் அச்சு தாங்காது

1.

இந்தக் கதையை நான் கற்பனை செய்யவில்லை. என் வேலிக்கு அந்தப் பக்கம், இருபத்துநாலு அடி நீளத்தில் வெள்ளையாக நின்றுகொண்டிருந்தது. பக்கத்து வீட்டு லோர்னா வாங்கிப்போட்ட டிரெய்லர் வீடு அது. அதை இழுக்க வண்டிதான் இல்லை.

முதல் வரியாக எழுதியது: "கோதுமை வயல்களின் மேல் சூரியன் மெல்ல" — அடித்துவிட்டேன். கான்சஸில் சூரியன் எதையும் மெல்லச் செய்வதில்லை, நேராக மண்டையில்தான் போடும். சலைனாவில் இருபது வருஷமாக இருப்பவன் சொல்கிறேன், நம்புங்கள்.

இரண்டாவது முயற்சி: லோர்னா முப்பத்தோரு வருஷம் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டியவள். தினமும் ஊரைச் சுற்றிவிட்டுப் புறப்பட்ட இடத்துக்கே வந்து நின்றவள். ஒரு வருஷமாவது திரும்பி வராமல் ஓட்ட வேண்டும் என்பது அவள் ஆசை. அதுவும் இந்த வருஷமே. ஏனென்றால் அவள் கணவர் டெல்பர்ட்டின் கால்கள் தளர்ந்துகொண்டே வருகின்றன. அடுத்த கோடைக்குள் அவருக்கு ———— தேவைப்படும் என்று வைத்தியர் சொல்லிவிட்டார்.

(கோடு போட்ட இடத்தில் இருப்பது, உட்கார்ந்தபடி உருண்டு போக உதவும் சாமான். அந்தச் சொல்லை டெல்பர்ட் தன் வீட்டில் தடை செய்திருக்கிறார். கதையிலும் மதிக்கிறேன்.)

2.

அவர்கள் விலைபேசிய வேன் ஒரு தேவாலயத்துடையது. சபைக்கு வரும் கூட்டம் குறைந்துபோனதால் விற்கிறார்கள். பக்கவாட்டில் ஒட்டியிருந்த எழுத்துகளைச் சுரண்டி எடுத்தும் தடம் போகவில்லை: "கர்த்தர் தாங்குவார்."

"கர்த்தர் தாங்குவார். பின் அச்சுதான் தாங்காது," என்றார் விற்க வந்த மெர்ல். தேவாலயத்தில் டீக்கனாக ஊழியம் செய்பவர் இப்படிப் பேசலாமா என்று எனக்குச் சந்தேகம் வந்தது. அவரைக் கொஞ்சம் பக்திமானாகத் திருத்தி எழுதிப் பார்த்தேன், வண்டி விற்கவில்லை. பழையபடி விட்டுவிட்டேன்.

பின் கதவில் ஒரு லிஃப்ட். நடக்க முடியாதவர்களை ————-ஓடு தூக்கி ஏற்றுவதற்கு. டெல்பர்ட் அந்தப் பக்கமே திரும்பவில்லை.

"இதுக்கு ஏதாச்சும் மூடி கீடி இருக்கா?" என்று மட்டும் கேட்டார்.

3.

இந்த ஊரில் எடையை ராத்தலில்தான் சொல்வார்கள். வேன் எவ்வளவு சுமக்கலாம் என்று கதவோரத்தில் மஞ்சள் சீட்டு ஒட்டியிருக்கும். டிரெய்லரின் மூக்கு வேனின் முதுகில் அழுத்துகிற பாரமும் அதில் அடக்கம். லோர்னா ஒரு கடித உறையின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டாள். அவள் எடையையும் டெல்பர்ட் எடையையும் ஓட்டுநர் உரிமத்திலிருந்து எழுதினாள். "சாமான்: சும்மா நாற்பது" என்று போட்டாள். முப்பது ராத்தல் மிச்சம் வந்தது.

(உரிமத்தில் நம் எடையை நாமே சொல்கிறோம். யாரும் நிறுத்துப் பார்ப்பதில்லை. என் உரிமத்தில் நூற்றைம்பது என்று இருக்கிறது. சிரிக்காதீர்கள்.)

மெர்ல் உறையைப் பார்த்தார், லோர்னாவைப் பார்த்தார். ரொம்ப நாகரிகமாக, "எதுக்கும் தானியக் கிடங்கு எடைமேடைல ஒரு தடவ ஏத்திப் பாத்துரலாமே," என்றார்.

4.

அறுவடைக் காலம். கோதுமை லாரிகள் வரிசையாக நின்றன. டிரெய்லரை வேனின் பின்னால் பூட்டி, சாமான்களையும் வாஃபிள் என்கிற நாயையும் ஏற்றி, வேனை மேடையில் நிறுத்தினார்கள்.

"இருநூத்தி நாப்பது ராத்தல் ஜாஸ்தி," என்றது ஒலிபெருக்கி. உள்ளே உட்கார்ந்திருந்த பெண்ணின் குரல். "கணக்குல எங்கயோ இடிக்குதே, லோர்னா."

லோர்னா ஜன்னலோரம் இருந்த பேசும் பெட்டியின் பொத்தானை அழுத்தினாள். "நூத்தி நாப்பத்தஞ்சுன்னு போட்டது கல்யாணத்துக்கு முந்தி. இப்ப இருநூத்திப் பதினாலு. போதுமா?"

அது களம் முழுக்கக் கேட்டது. லாரிக்காரர்கள் தொப்பியைத் தூக்கி ஆட்டினார்கள். டெல்பர்ட் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

(இருவரும் ஒருவரையொருவர் "நீ" என்கிறார்கள். அவர்கள் மொழியில் வேறு வழியில்லை. இருந்திருந்தாலும் லோர்னா மாற்றியிருக்கமாட்டாள்.)

"சிரிச்சாச்சா? நான் சொல்லிட்டேன். இப்ப நீ சொல்லு."

"எனக்கு இருநூத்தி நாப்பது இருக்கும், கிழவி."

"எடையக் கேக்கல. கால் எப்படி இருக்கு?"

டெல்பர்ட் நாயைத் தடவினார். "நீ கடைக்குப் போறப்பல்லாம் தவழ்ந்துதான் குளியலறைக்குப் போறேன். ரெண்டு வாரமா."

பொத்தானிலிருந்து லோர்னா இன்னும் விரலை எடுக்கவில்லை. களத்தில் இருந்தவர்கள் எல்லோரும் தங்கள் பூட்ஸைப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

(இங்கே அவள் அழுதாள் என்று எழுதினேன். அழவில்லை. அந்த வரியையும் அடித்துவிட்டேன்.)

மெர்ல் ஸ்பேனரோடு வந்தார். "எட்டு போல்ட்டு. லிஃப்டக் கழட்டிட்டா நானூறு ராத்தல் குறையும். இன்னைக்கே இழுத்துட்டுப் போலாம்."

"கழட்டு," என்றார் டெல்பர்ட்.

"தொட்டா கை இருக்காது," என்றாள் லோர்னா.

5.

முடிவு (அ): கழற்றினார்கள், போனார்கள். நியூ மெக்சிகோவில் ஒரு காலை டெல்பர்ட்டால் வேனுக்குள் ஏற — வேண்டாம், எழுத மனம் வரவில்லை.

முடிவு (ஆ): டிரெய்லரை விற்றுவிட்டு, இருவரும் ஜன்னல் வழியாக என் வேலியைப் பார்த்துக்கொண்டு — இதற்கு (அ) தேவலை.

ஆகவே முடிவு எழுதப்போவதில்லை. என் கார்க்கொட்டகையில் இருப்பவற்றை மட்டும் சொல்கிறேன். டெல்பர்ட்டின் கருவிப் பெட்டி, நூற்று நாலு ராத்தல். நாற்பது வருஷமாக அதை வேறொருவர் தொட்டதில்லை. பீன்ஸ் டப்பாக்கள், நாற்பத்தேழு ராத்தல். லோர்னாவின் இரும்பு வாணலிகள், பதினெட்டு ராத்தல். என் காலடியில் குறட்டை விடும் வாஃபிள், எழுபத்தொன்று. அதை மட்டும் கால்நடை வைத்தியர் நிறுத்துப் பார்த்திருக்கிறார்.

கூட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

போன செவ்வாய்க்கிழமை அவற்றை யாரும் தூக்கி வரவில்லை. லிஃப்டில்தான் இறங்கின. கடைசித் தடவை, மடியில் நாயை வைத்துக்கொண்டு டெல்பர்ட்டும் இறங்கினார்.

(அவர் உட்கார்ந்து வந்த சாமானுக்கும் எடை உண்டு, முப்பது ராத்தல். அதை ஈடுகட்ட, இரண்டு மாதமாக லோர்னா ஆப்பிள் பை மாதிரி இனிப்புப் பண்டம் எதன் பக்கமும் போகவில்லை.)

"இவன நல்லாப் பாத்துக்க. டப்பாவ எல்லாம் நீயே தின்னுராத," என்றார். பிறகு, அரசவையில் இருப்பவர்போல, ————-இல் நிமிர்ந்து உட்கார்ந்து மேலே ஏறினார்.

அந்தக் கோட்டில் வரவேண்டிய சொல்லை இனி நீங்கள் எழுதலாம். தடையை அவரே எடுத்துவிட்டார்.