வாலில் ஒட்டிய ‘மோ’

பழைய தலைநகரான ஹுவேயின் கோட்டைக்குள் ஒரு கல்லை எறிந்தால் அது ஏதாவதொரு இளவரசரின் கொள்ளுப்பேரன் மண்டையில்தான் விழும். உயேனின் அம்மாவுக்கும் அப்படிப்பட்ட மண்டைதான். அகழிக்கரை வீட்டில் அறைகளை வாடகைக்கு விட்டுப் பிழைத்தாலும், அரச வம்சத்துப் பெண் ‘மாட்டேன்’ என்று சொல்லக்கூடாது என்றே மகளை வளர்த்திருந்தாள். யார் எதைக் கேட்டாலும் “யா” என்று குழைய வேண்டும். உள்ளூரில் அதற்கு ‘காதில் விழுந்தது’ என்றுதான் பொருள். சம்மதமா இல்லையா என்பது கேட்டவன் பாடு.

ஹனோயிலிருந்து ஊர் பார்க்க வந்து, மாடியறையில் தங்கிய கியெமுக்கு இது தெரியாது.

“மழை நின்னுடுமா?” என்றான். “யா” என்றாள் உயேன். சொட்டச் சொட்ட நனைந்தபடி அரசர் சமாதியைப் பார்த்துவிட்டு வந்தான்.

“இது காரமா இருக்காதுல்ல?”

“யா.”

மட்டிச் சோற்றை அள்ளித் தின்றுவிட்டுக் குழாயடியில் வாயைத் திறந்துகொண்டு நின்றான். அப்போதும் புத்தி வரவில்லை. “நூத்திச் சொச்ச வருஷம் தலைநகரா இருந்ததுக்கா இத்தனை சமாதி? எங்க ஊரு ஆயிரம் வருஷம். நாங்க இப்படியா அலட்டிக்கிறோம்?” என்று சாப்பாட்டுக்குச் சாப்பாடு அலட்டிக்கொண்டான். உயேன் அதற்கும் “யா” என்றாள். தன் பேச்சை இவ்வளவு பொறுமையாகக் கேட்ட பெண்ணை அவன் அதுவரை கண்டதில்லை.

ஊருக்குக் கிளம்பும் நாளன்று, சின்னச் சின்னத் தட்டுகளில் அவித்த அரிசிப் பலகாரத்தை வழித்துத் தின்றுகொண்டே கேட்டான். “உயேன், என்னைக் கட்டிக்கிறியா?”

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. பழக்கதோஷம் முந்திக்கொண்டது.

“யா.”

அவன் உடனே போனை எடுத்துத் தன் அம்மாவை அழைத்தான். வெற்றிலை பாக்கோடு இன்றைக்கே ரயிலேறச் சொன்னான். உயேன் சமையலறைக்கு ஓடினாள்.

“அம்மா, காதுல விழுந்துச்சுன்னுதானே சொன்னேன். இப்ப அவங்கம்மா பாக்குக் குலையோட வராங்க.”

“அப்ப மாட்டேன்னு சொல்லிடு.”

“நீதானே சொல்லக்கூடாதுன்னு வளர்த்தே?”

“மரியாதையாச் சொல்லுடி. வால்ல ஒரு ‘மோ’ போடு, போதும்.”

ஹுவேயில் வாக்கியத்தின் கடைசியில் ‘மோ’ ஒட்டினால் முன்னால் சொன்னதெல்லாம் செத்துப்போகும். அதாவது, இல்லவே இல்லை. உயேன் திரும்பி வந்து தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

“அண்ணா, எனக்கு இஷ்டம் மோ.”

அந்த நாட்டில் வழிப்போக்கனும் அண்ணன்தான், கட்டிக்கொள்ளப் போகிறவனும் அண்ணன்தான். அதனால் அந்தச் சொல்லும் அவளைக் காப்பாற்றவில்லை. ரயிலடியில் யாரோ கொடுத்த துண்டுப் பிரசுரத்தில் கியெம் ஒரே ஒரு ஹுவேச் சொல்லைப் படித்திருந்தான்: மோ என்றால் ‘எங்கே’. அதுவும் சரிதான்; ஒரே சொல்லுக்கு இரண்டு வேலை.

“எங்கேயா? ஹனோய்லதான், ஏரிக்கரை மண்டபத்துல” என்று சொல்லிவிட்டுப் போனில், “அம்மா, இஷ்டமாம். கல்யாணம் எங்கேன்னு கேக்குறா” என்றான்.

உயேனுக்கு இனி ஒரே வழிதான் இருந்தது. போனை அவன் கையிலிருந்து வாங்கினாள். நிமிர்ந்து உட்கார்ந்து, தொலைக்காட்சியில் செய்தி வாசிக்கும் ஹனோய்ப் பெண்ணின் குரலில் பேசினாள்.

“வணக்கம் அம்மா. எனக்கு இந்தத் திருமணத்தில் விருப்பம் இல்லை. மீண்டும் சொல்கிறேன், இல்லை. நன்றி.”

சமையலறையில் ஒரு மூடி விழுந்து உருண்டது. மறுமுனையில், “பொண்ணு தெளிவாத்தானேடா பேசுது. உனக்குத்தான் காது மந்தம்” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள் அந்த அம்மாள்.

கியெம் காலித் தட்டுகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினான். “இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே” என்றான்.

“யா” என்றாள் உயேன்.

அம்மா கரண்டியோடு எட்டிப் பார்த்தாள். அரச வம்சத்து முகம் வெளிறிப்போயிருந்தாலும் உபசாரம் குறையவில்லை.

“தம்பி, இன்னும் நாலு பலகாரம் வைக்கட்டுமா?”

அவன் சற்று யோசித்தான்.

“யா” என்றான்.

வைப்பதா வேண்டாமா என்று தெரியாமல் அம்மா கரண்டியோடு அப்படியே நின்றாள்.