பிணம் அழுத காட்சி

செம்மலுக்கு மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில், பாட்டில் மூடி செய்யும் கம்பெனியில் தரம் பார்க்கிற வேலை. காலையிலிருந்து சாயங்காலம் வரை மூடிகளை எடுத்துப் பார்த்து, இது ஆகாது, இதுவும் ஆகாது என்று கூடையில் எறிய வேண்டும். வீட்டுக்கு வந்ததும் அதே கையோடு சினிமாவை எடுத்துக்கொள்வான். 'இடைவேளை வரைக்கும்' என்று அவன் நடத்திவந்த வலைப்பூவில் எந்தப் படமும் ஐந்துக்கு இரண்டரை மார்க்கைத் தாண்டியது கிடையாது. இரண்டரை வாங்கிய படத்தின் டைரக்டர் தாராளமாகப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கலாம்.

அழுகைக் காட்சி என்றால் அவனுக்கு ஆகவே ஆகாது. சினிமாவில் அழுகிறவர்கள் கண்ணில் தண்ணீர் வருவதற்கு முன்பே மூக்கை உறிஞ்சிவிடுகிறார்கள் என்பது அவன் கண்டுபிடிப்பு. அதைவிடப் பெரிய கண்டுபிடிப்பு, 'மூச்சு விடும் பிணங்கள்' என்ற தொடர். படங்களில் செத்துக் கிடக்கிறவர்களின் நெஞ்சு ஏறி இறங்குவதையும் இமை துடிப்பதையும் நிறுத்தி நிறுத்திப் பார்த்துப் பிடித்துப் போடுவான். பிணம் அசைந்தால் அரை மார்க் பிடித்தம். அது அவன் போட்ட சட்டம், யாருக்கும் விதிவிலக்கு இல்லை.

இதற்கெல்லாம் வாசகர்கள் இருந்தார்களா என்றால் இருந்தார்கள், ஒரு வேனில் ஏற்றிவிடலாம். அவர்களில் பெயர் போடாத ஒருத்தர் மட்டும், செம்மல் எதை எழுதினாலும் கீழே வந்து ஒரே வரியைப் போட்டுவிட்டுப் போவார்: 'நீ ஒண்ணு எடுத்துக் காட்டேன், பாப்போம்.' செம்மல் ரொம்ப நாள் பொறுத்துப் பார்த்தான். கடைசியில் ரோஷம் வந்துவிட்டது. ஊரிலிருந்த ஒரு திரைப்பட மன்றம் குறும்படங்களைத் திரையிடப் போவதாக அறிவித்த அன்றே, 'எடுக்கிறேன், வந்து பார்' என்று வலைப்பூவில் எழுதிவிட்டான். எழுதிய பிறகுதான் அதற்குக் கதை வேண்டும் என்பது நினைவுக்கு வந்தது.

கதை பிடித்தான். பெயர் 'அழாத வீடு'. ஒரு பெரியவர் செத்துப்போகிறார். பந்தல் போடுகிறார்கள், நாற்காலி போடுகிறார்கள், வந்தவர்கள் உட்கார்ந்து போனைப் பார்க்கிறார்கள். யாரும் அழவில்லை. அவ்வளவுதான் படம். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லாத சாவு வீட்டைக் காட்டி எல்லா டைரக்டர்களுக்கும் பாடம் நடத்தப் போவதாக நினைத்துக்கொண்டான்.

பிணத்துக்கு ஆள் நெல்லித்தோப்பில் அவன் தெருவிலேயே கிடைத்தார். லூர்துநாதன், மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்.

"வசனம் உண்டாடா?" என்று கேட்டார்.

"இல்ல மாமா. சும்மா படுத்திருந்தா போதும்."

"அத மட்டுந்தான் நான் ஒழுங்கா பண்றேன்னு உங்க அத்த தெனமும் சொல்லுவா," என்று ஒத்துக்கொண்டார். அந்த அத்தை, ரோசா, படப்பிடிப்புக்குத் தன் வீட்டையே கொடுத்தாள், எல்லோருக்கும் டீயும் போட்டுத் தருவதாகச் சொன்னாள். "எங்க வூட்டு ஆளுங்க அத்தன பேரையும் கூட்டத்துல நிக்க வெச்சிடலாம். இவரு தம்பிய மட்டும் கூப்பிட முடியாது," என்றாள்.

தம்பி தேவதாஸ் கதை தெருவுக்கே தெரியும். லூர்துநாதனின் மகள் மெரின் கல்யாணப் பத்திரிகையில், வரவேற்கும் உறவினர் வரிசையில், சொந்தச் சித்தப்பா பெயர் விட்டுப்போயிற்று. அச்சகத்தில் விட்டுவிட்டார்கள் என்றார் அண்ணன். அச்சுக்குப் போகுமுன் சரிபார்த்தது யார் என்றார் தம்பி. சரிபார்த்தவர் அண்ணன்தான், கண்ணாடி போடாமல். அன்றிலிருந்து பேச்சுவார்த்தை இல்லை. மாதா கோயிலில்கூட ஒருவர் வலது பக்க பெஞ்சு என்றால் இன்னொருவர் இடது பக்கம்.

கேமராவுக்கு ஜெரின் வந்தான். கல்யாணம், மாதா கோயிலில் பிள்ளைகளுக்குப் புதுநன்மை, மஞ்சள் நீராட்டு எல்லாம் எடுக்கிறவன். அவன் தொழிலில் இரண்டே விதிகள். என்ன நடந்தாலும் கேமராவை நிறுத்தக் கூடாது. வாசலில் நுழைகிற எந்த முகத்தையும் விடக் கூடாது. விட்டால், 'எங்க மாமியார் வீடியோவுலயே இல்லையே' என்று ஒரு வருஷம் கழித்துக்கூடச் சண்டைக்கு வருவார்கள்.

இனி செம்மலின் மகத்தான தவறு. சினிமாவில் காட்டும் போஸ்டர், பேப்பர் எல்லாம் போலியாக இருப்பதை அவன் பலமுறை கிழித்து எழுதியிருக்கிறான். ஆகவே தன் படத்தின் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அசலாக இருக்க வேண்டும் என்று முடிவு செய்தான். லூர்துநாதனின் அசல் படம், அசல் பெயர், மேலே சிலுவை, கீழே 'துயரத்தில் வாடும் நெல்லித்தோப்பு நண்பர்கள்'. கதைப்படி பெரியவருக்கு உறவு கிடையாது, அதனால் நண்பர்களோடு நிறுத்திக்கொண்டான். ஜெரின் மைதாவைக் காய்ச்சிப் பசை தயாரித்து, கடைத்தெருச் சுவரில் நாலு ஒட்டினான். ஷாட் எடுத்தார்கள், அருமையாக வந்தது. போஸ்டரைக் கிழிக்கப் பார்த்தார்கள், வரவில்லை. சரி, அப்புறம் வந்து சுரண்டிக்கொள்ளலாம் என்று வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்கள். சாவு போஸ்டரைப் பார்த்துத்தான் யார் போனது என்று தெரிந்துகொள்கிற ஊரில் பிறந்து வளர்ந்த இரண்டு பேர் செய்த காரியம் இது.

வீட்டு வாசலில் சாமியானா போட்டாயிற்று. கூடத்தில் வாடகைக்கு எடுத்த ஐஸ் பெட்டி. லூர்துநாதன் வேட்டி சட்டையோடு, மூக்கில் பஞ்சு வைத்துக்கொண்டு உள்ளே படுத்தார். கரண்ட் கொடுக்கவில்லை. கண்ணாடி மூடியை ஓரத்தில் ஒரு விரல் அளவு தூக்கி மரத்துண்டு செருகியிருந்தார்கள்.

"மாமா, நெஞ்சு அசையக் கூடாது. அசைஞ்சா அரை மார்க் போயிடும்," என்றான் செம்மல்.

"நெஞ்சு அசையாம இருந்தா ஆளே பூடுவேன்டா," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

ஷாட் ஆரம்பித்தது. அக்கம்பக்கத்தார் வரிசையாக உட்கார்ந்து, சொல்லிக்கொடுத்தபடி போனைப் பார்த்தார்கள். உண்மையிலேயே பார்த்தார்கள், அதற்கு நடிப்பு தேவைப்படவில்லை. செம்மல் கேமராவோடு இணைத்த சின்னத் திரையில் பார்த்துக்கொண்டே மனதுக்குள் மூன்று மார்க் போட்டான். அப்போதுதான் வாசலில் ஆட்டோ ஒன்று வந்து நின்றது.

இறங்கியவர் தேவதாஸ். வைத்திக்குப்பத்தில் மீன் வாங்கிக்கொண்டிருந்தவருக்கு யாரோ போஸ்டரைப் படமெடுத்து அனுப்பியிருக்கிறார்கள். கட்டியிருந்த லுங்கியோடு, கையில் மீன் பையோடு அப்படியே ஓடி வந்திருக்கிறார். வழியில் கடைத்தெருச் சுவர் முன்னால் நின்று போஸ்டரை வேறு படித்துவிட்டு வந்திருக்கிறார்.

செம்மல் 'கட்' சொல்ல வாயைத் திறந்தான். ஜெரினோ, வாசலில் புது முகம் நுழைந்ததும் பழக்க தோஷத்தில் கேமராவைத் திருப்பி, அவர் பின்னாலேயே போய்விட்டான்.

தேவதாஸ் கூடத்தில் இருந்த யாரையும் பார்க்கவில்லை. நேராக வந்து ஐஸ் பெட்டிமேல் விழுந்தார்.

"அண்ணே, கல்யாணப் பத்திரிகையில எம் பேர விட்ட. சரி, வுட்டுட்ட. சாவு போஸ்டர்லயும் வுட்டுட்டாங்களே. நண்பர்கள்னு போட்டிருக்கு. உனக்குத் தம்பின்னு ஒருத்தன் இல்லவே இல்லியா? தெருவுல நின்னு ரெண்டு தடவ படிச்சேனே, எம் பேரு இல்லியே."

அழுகை அதற்குமேல் பேச விடவில்லை. மூக்கு ஒழுகியது, துடைத்துக்கொள்ளத் தோன்றவில்லை. கையிலிருந்த மீன் பையைக் கீழே வைக்கவும் தெரியவில்லை. அந்தப் பையோடேயே கண்ணாடியைத் தட்டித் தட்டி அழுதார். "கோயில்ல உன்ன பாத்தா பேசிடுவேனோன்னு தலய குனிஞ்சிகினே போவேன். பேசியிருந்தா இன்னா ஆயிருக்கும்? நான்தான் வந்திருக்கணும். சின்னவன் நான்தான வந்திருக்கணும்."

போன் பார்த்தவர்கள் போனைத் தாழ்த்தினார்கள். செம்மலின் வாய் திறந்தபடியே இருந்தது. இத்தனை வருஷமாக எத்தனையோ படங்களில் தேடியும் கிடைக்காத அழுகை அவன் எதிரில் மீன் பையோடு நடந்துகொண்டிருந்தது. வெட்கக்கேடுதான், ஆனாலும் அந்த நிமிஷம் அவன் நினைத்தது ஒன்றே ஒன்று: வெளிச்சம் நன்றாக விழுகிறது. பிறகு திரையில் இன்னொன்றையும் பார்த்தான். பெட்டிக்குள், மூடிய கண்ணின் ஓரத்திலிருந்து ஒரு சொட்டு வழிந்து லூர்துநாதனின் காதுப் பக்கம் இறங்கியது. பிணம் அழுதது.

அந்த நேரம் பார்த்து ரோசா அடுக்களையிலிருந்து தட்டோடு வந்தாள். தலையில் பூ. "அட, தேவதாசு. வாங்க, வாங்க. டீ குடிக்கிறீங்களா?" என்றாள்.

புருஷனை இழந்தவள் பூவோடு டீ நீட்டுவதை தேவதாஸ் வெறித்துப் பார்த்தார். பெட்டிக்குள்ளிருந்து டொக் டொக்கென்று சத்தம்.

"தேவா, மேல இருந்து எழுந்திருடா. மூச்சு முட்டுது."

தேவதாஸ் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அதன்பின் யார் யாரைத் திட்டினார்கள், எவ்வளவு நேரம் திட்டினார்கள் என்பதை எழுதி மாளாது. செம்மலுக்குக் கிடைத்த திட்டு தனி. அதற்குள் மேலும் இரண்டு ஆட்டோக்களில் உறவினர்கள் மாலையோடு வந்து இறங்கினார்கள். உயிரோடு இருக்கிறவர் கழுத்தில் போடவும் முடியாமல், திருப்பி எடுத்துப் போகவும் மனமில்லாமல், மாலைகளை சாமியானாக் காலில் மாட்டினார்கள். மத்தியானம் எல்லோரும் உட்கார்ந்து தேவதாஸ் வாங்கிவந்த மீனில் வைத்த குழம்பைச் சாப்பிட்டார்கள். சாவு வீட்டில் மீன் குழம்பு என்று ஒருத்தி சிரித்தாள். அண்ணனும் தம்பியும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து, ஒருவரை ஒருவர் பார்க்காமல், ஒரே வேகத்தில் சாப்பிட்டார்கள்.

சாப்பிட்டு முடித்ததும் செம்மல் தேவதாஸிடம் போனான். "சார், நீங்க அழுதது அப்படியே பதிவாகியிருக்கு. படத்துல வெச்சிக்கட்டுமா?"

"எத? லுங்கியோட, மீன் பையோட, மூக்கு ஒழுக நின்னதையா? அத நாலு பேரு பாக்கணுமா?" என்று எழுந்தேவிட்டார். அப்புறம் சற்று யோசித்து, குரலைத் தாழ்த்தினார். "ஓணும்னா நாளைக்கு வெள்ளச் சட்ட போட்டுகினு வர்றேன். முறையா அழுவுறேன். அத போட்டுக்க. ஆனா படத்துல எம் பேரு வரணும். பெருசா வரணும்."

மறுநாள் கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையில், முகத்தில் பவுடரோடு வந்தார். நெற்றியில் புறங்கையை வைத்து, "அண்ணா, என்னை விட்டுப் பிரிந்தாயோ," என்றார். கண்ணில் தண்ணீர் வருவதற்கு முன்பே மூக்கை உறிஞ்சினார். பெட்டிக்குள் லூர்துநாதனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. நெஞ்சு மட்டுமா, வயிறே குலுங்கியது. எத்தனை முறை எடுத்தாலும் அதே பிரிந்தாயோ, அதே குலுங்கல்.

செம்மல் கம்ப்யூட்டரில் இரண்டு அழுகைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். ஜெரின் தோள்மேல் எட்டிப் பார்த்தான்.

"மச்சான், முதல்ல எடுத்தத போடு. அப்புறமா சாரி கேட்டுக்கலாம்."

போட்டுவிடத்தான் அவனுக்கும் கை துறுதுறுத்தது. அதைப் போட்டால் படம் படமாகும், பெயர் போடாத ஆசாமியின் வாய் அடையும். வெள்ளைச் சட்டையைப் போட்டால், இத்தனை வருஷமாக அவன் கிழித்துப்போட்ட அத்தனையும் அவன் படத்திலேயே உட்கார்ந்திருக்கும். இரண்டையும் விட்டுவிட்டால் தேவதாஸ் பெயர் இன்னொரு முறை விட்டுப்போகும். ஆனால் கவனிக்காமல் விட்ட ஒரு பெயருக்கு அந்தக் குடும்பம் இத்தனை வருஷம் அழுதிருக்கிறது. வேண்டாம் என்று சொன்ன பிறகும் போட்ட முகத்துக்கு இன்னும் எத்தனை வருஷமோ. மூடியைக் கூடையில் எறிகிற மாதிரி அசல் அழுகையை ஒதுக்கிவிட்டு, வெள்ளைச் சட்டையைச் சேர்த்தான்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் திரையிட்டார்கள். அழாத வீட்டில் வெள்ளைச் சட்டைக்காரர் திடீரென்று வந்து பிரிந்தாயோ என்றதும் அரங்கம் கொல்லென்று சிரித்தது. பிணம் குலுங்கியபோது ஒருத்தர் விசிலே அடித்தார். செம்மல் நாற்காலியில் சரிந்து உட்கார்ந்தான். படம் முடிந்து பெயர்கள் வந்தன. எல்லாப் பெயருக்கும் முன்னால், திரை நிறைய, 'தேவதாஸ்'. அவர் எழுந்து நின்று அதைப் போனில் படமெடுத்தார், பக்கத்து இருக்கைக்காரரிடம் காட்டினார், இன்னொரு படமும் எடுத்துக்கொண்டார். சிரித்ததெல்லாம் தன் நடிப்பை ரசித்துத்தான் என்று அவர் முடிவே செய்துவிட்டிருந்தார்.

வெளியே வந்தபோது செம்மலின் போன் அடித்தது. வலைப்பூவில் புதுக் கருத்து, பெயர் இல்லை. இந்த முறை வேறு வரி: 'பிணம் மூச்சு விடுகிறது. அரை மார்க் பிடித்தம்.'

படித்துக்கொண்டிருக்கும்போதே லூர்துநாதன் வந்து அவன் கையைப் பிடித்து, கூட்டத்தைவிட்டு ஒதுக்குப்புறமாக இழுத்துப் போனார். தம்பி எங்கே என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

"அந்த மொத நாள் எடுத்தது இருக்காடா?"

"இருக்கு மாமா. யாருக்கும் காட்டல."

"எனக்குக் காட்டு. நான் கண்ண மூடிகினு இருந்தேன். காதாலதான் கேட்டேன்."

செம்மல் போனில் போட்டு, திரையில் வெளிச்சம் படாமல் கையால் மறைத்துப் பிடித்தான். அவர் சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்துத் துடைத்து, போட்டுக்கொண்டு பார்த்தார். லுங்கி, மீன் பை, ஒழுகுகிற மூக்கு எல்லாம் பார்த்தார். முடிந்த பிறகும் கண்ணாடியைக் கழற்றவில்லை.

"இவன் இப்படி அழுவான்னு தெரிஞ்சிருந்தா," என்றார், "மெரின் கல்யாணத்து மறுநாளே செத்து படுத்திருப்பேன்."

அப்புறம் கேட்டார்: "இதுக்கு எவ்ளோ மார்க்குடா போடுவ?"

"அஞ்சுக்கு அஞ்சு மாமா," என்றான் செம்மல். சொல்லிவிட்டு, சட்டம் சட்டம்தானே என்று சேர்த்துக்கொண்டான், "ஆனா பிணம் அழுதுச்சு. அதுக்கு அரை மார்க் பிடிக்கணும்."

"பிடிச்சிக்க," என்றார் லூர்துநாதன். "இன்னொரு தடவ போடு."