நாலு பேரிடம் விசாரித்த மாப்பிள்ளை

ஹூஸ்டன் ஹில்கிராஃப்ட் அவென்யூவில் மளிகைக் கடை வைத்திருந்த சிராஜுதீன் யாரையும் சட்டென்று நம்பிவிடுகிற ஆள் இல்லை. பாஸ்மதி மூட்டை வந்து இறங்கினால் மேலே இருக்கிற அரிசியைத் திரும்பியும் பார்க்க மாட்டார். தோள்வரை கையை விட்டு, அடியிலிருந்து ஒரு பிடி அள்ளி முகர்ந்து பார்ப்பார். 'கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்' என்று முன்னோர் சொல்லிவைத்ததில் அவருக்கு ஒரே ஒரு மனக்குறைதான். அதைத் தான் முதலில் சொல்லாமல் போனோமே என்பது.

அப்படிப்பட்டவர் வீட்டுக்கு 2008 ஜனவரியில் ஒரு சம்பந்தம் வந்தது. ஒரே மகள் தஸ்னீம், பார்மசி படிப்பை முடிக்கப் போகிறவள். மாப்பிள்ளை வீடு நியூ ஜெர்சியில், பிஸ்கட்டவே என்கிற ஊரில். பையனின் அத்தா அங்கே மருந்துக் கம்பெனியில் நல்ல உத்தியோகம். பூர்வீகம் கம்பம், சிராஜின் உத்தமபாளையத்துக்குப் பக்கத்து ஊர்தான். தொழுகை தவறாத குடும்பம், அதிர்ந்து பேசாத மனிதர்கள். எல்லாம் பொருந்தி வந்தது. பையன் ஆதில் என்ன செய்கிறான் என்று கேட்டபோதுதான் சம்பந்தம் கொண்டுவந்த நண்பர் கொஞ்சம் இழுத்தார்.

"பையன் பாஸ்கெட்பால் ஆடறான் பாய்."

"ஆடட்டும், நல்லதுதான். வேலை?"

"அதான் பாய் வேலை."

சிராஜ் முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு யோசித்தார். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணு என்பார்கள். இது அந்த ஆயிரத்தில் எத்தனையாவது? அவர் பயத்துக்குக் காரணமும் இருந்தது. சொந்த அக்கா மகளை சிகாகோ மாப்பிள்ளைக்குக் கொடுத்து, அங்கே போய் இறங்கிய பிறகுதான் அவனுக்கு ஏற்கெனவே ஒரு மனைவி இருப்பது தெரிந்தது. அந்தப் பெண் திரும்பி வந்து ஏர்போர்ட்டில் நின்ற கோலத்தை சிராஜ் மறக்கவே இல்லை.

ஆதிலின் கதையைத் துருவத் துருவ அவருக்குச் சந்தேகம் கூடியது. நியூ ஜெர்சியில் கல்லூரி டீமில் ஆடியிருக்கிறான். பிறகு போலந்து, ஒரு வருஷம். அடுத்து லெபனான், அங்கேயும் ஒரு வருஷம். அதற்கப்புறம் பிலிப்பைன்ஸ், அது ஒரு வருஷம்கூட இல்லை. திரும்பி வந்து ஒரு கோடை முழுக்க கலிஃபோர்னியாவில் சன்னிவேலில் தங்கிப் பயிற்சி. இப்போது டெக்சஸிலேயே, வேக்கோ ஊரில், பெரிய லீகுக்குக் கீழே இருக்கிற சின்ன லீகின் ஒரு டீமில். அந்தத் தொழிலின் லட்சணமே அதுதான். வெளிநாட்டு டீம்கள் ஒன்றிரண்டு அந்நிய ஆட்டக்காரர்களை ஒரு சீசனுக்கு எடுப்பார்கள். டீம் தோற்றால் முதலில் பெட்டி கட்டுகிறவன் அந்நியன்தான். இது சிராஜுக்கு எப்படித் தெரியும்? வருஷத்துக்கு ஒரு வேலை மாறுகிறவனைக் கடையில் பொட்டலம் மடிக்கக்கூட அவர் சேர்த்துக்கொண்டதில்லை.

"ஏன் ஒவ்வொரு நாட்டுலேர்ந்தும் துரத்தறாங்க?" என்று மனைவி மெஹர் நிஷாவிடம் கேட்டார். "குடியா? பொம்பளையா? போலந்துல என்னத்தச் சாப்பிட்டான்? அங்க எல்லாத்துலயும் பன்னிதானே?"

"முட்டை சாப்பிட்டிருப்பான். விடுங்களேன்" என்றார் மெஹர் நிஷா.

விடுவாரா? சன்னிவேலில் இன்ஜினியராக இருந்த மைத்துனனுக்கு ஃபோன் போட்டார். "மச்சான், இங்க சம்மர் லீக்ல ஆடினான். நானே ரெண்டு மேட்ச் பாத்தேன், சூப்பரா ஆடினான். ஆனா யாரும் செலக்ட் பண்ணல. ஏன்னுதான் தெரியல" என்றான் அவன். சூப்பர் என்றது சிராஜின் காதில் விழவில்லை. 'ஏன்னுதான் தெரியல' மட்டும் விழுந்து, அங்கேயே உட்கார்ந்துகொண்டது.

தஸ்னீமும் ஆதிலும் ஒரு மாதமாக ஃபோனில் பேசிக்கொண்டிருந்தார்கள். மகள் ஃபோனை வைத்த பிறகும் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்ததை சிராஜ் கவனித்தார். அவள் மனம் முடிவு செய்துவிட்டது என்பது அவருக்குப் புரிந்தது. பயம் அங்கேதான் பிடித்தது. இனி ஏமாந்தால் அவள் மட்டும் ஏமாற மாட்டாள், உடைந்தே போவாள். ஒரு நாள் ஃபோனை வாங்கி அவரே பேசினார்.

"தம்பி, சாப்பிட்டீங்களா? அடுத்த வாரம் ஒரு எட்டு ஹூஸ்டன் வந்துட்டுப் போங்களேன்."

"நெக்ஸ்ட் வீக் பத்தி என்னால ஒண்ணும் சொல்ல முடியாது, அங்கிள். சாரி. அது... இப்ப பேச முடியாது."

பேச முடியாதாம். எதை மறைக்கிறான்? சிராஜின் காதில் சிகாகோ என்று மணி அடித்தது.

"டவுட் இருந்தா அவன்கிட்டயே கேளுங்க அத்தா. ஹி வில் டெல் யூ" என்றாள் தஸ்னீம்.

"மாப்பிள்ளைப் பையன்ட்ட போயி, நீ குடிப்பியா, கூத்தியா வச்சிருக்கியான்னு கேக்கறதா? மரியாதையா இருக்குமா? நாலு பேர்ட்ட விசாரிக்கறதுதான்மா முறை."

முறைதான். உத்தமபாளையத்தில் என்றால் பையன் வீட்டுத் தெருவில் டீக்கடை, சலூன், பள்ளிவாசல் என்று ஒரு சுற்று போய்வந்தால் பாட்டன் காலத்துக் கடன்வரை தெரிந்துவிடும். வேக்கோவில் டீக்கடைக்கு எங்கே போவது? டல்லாஸுக்கு மொத்தக் கொள்முதல் என்று வீட்டில் சொல்லிவிட்டு, சிராஜ் 290 நெடுஞ்சாலையில் வண்டியைத் திருப்பினார்.

வெறுங்கையோடு போவது வழக்கமில்லை என்பதால் ஹில்கிராஃப்டிலேயே ஒரு பெட்டி பாதாம் பர்ஃபி வாங்கி வைத்திருந்தார்.

அரங்கத்தில் பாதி இருக்கை காலி. ஆதிலை ஃபோட்டோவில் பார்த்திருந்தார்; நேரில் கதவு நிலையில் இடிக்கிற உயரம், முதுகில் ஏழாம் நம்பர். ஆட்டம் சிராஜுக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் ஆட்டம் பார்க்கவா வந்தார்? பையன் இடைவேளையில் இரண்டு முட்டியிலும் ஐஸ் பையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தான். இந்த வயதில் என்ன வியாதி? மஞ்சள் முடிப் பெண் ஒருத்தி வந்து எல்லாரும் பார்க்க அவன் காலைப் பிடித்து மடக்கி நீட்டினாள். சிராஜ் கண்ணை மூடிக்கொண்டு ஒரு ஸலவாத் ஓதினார். அவள் டீமின் வைத்திய உதவியாளர் என்று பக்கத்து சீட்காரர் சொன்ன பிறகும் அவருக்கு மனம் ஆறவில்லை.

ஆட்டம் முடிந்ததும் விசாரணையைத் தொடங்கினார். ஆட்டக்காரர்களுக்குத் துண்டு எடுத்துக் கொடுக்கிற ஆளைப் பிடித்து, பர்ஃபிப் பெட்டியைக் கையில் திணித்து, தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கேட்டார். ஏழாம் நம்பர் பையனின் முட்டி உண்மையில் எப்படி? இரவு எங்கே போவான்? குடிப்பானா? சூதாடுவானா? கடன் உண்டா? அடுத்த வாரம் இங்கே இருப்பானா, எங்காவது போகப் போகிறானா? அந்த ஆள் பெட்டியையும் இவரையும் மாறி மாறிப் பார்த்தான். பார்க்கிங்கில் டிக்கெட் கிழிப்பவரிடமும் இதையே கேட்டார். அடுத்த ஆட்டத்துக்கு மறுபடியும் பர்ஃபியோடு போய், பாப்கார்ன் விற்கிற அம்மாளிடமும் கேட்டார். மூன்று பேரும் நல்ல பையன் என்றே சொன்னார்கள். மூன்று பேரும் ஒரே மாதிரி சொன்னது சிராஜுக்கு உதைத்தது. யாராவது சொல்லிக்கொடுத்திருப்பார்களோ?

மூன்றாவது முறை அவர் டிக்கெட்டை நீட்டியபோது தோளில் ஒரு கை விழுந்தது.

ஜன்னலில்லாத ஒரு அறையில் உட்காரவைத்தார்கள். எதிரே டீமின் பாதுகாப்பு அதிகாரி, பழைய போலீஸ்காரராம். கழுத்தே முகத்தை விட அகலம். தாடியும் தொப்பியுமாக ஒரு மனிதன் அந்த வருஷங்களில் அமெரிக்காவில் இப்படி ஒரு அறையில் உட்கார்ந்தால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். சிராஜுக்கும் ஒட்டிக்கொண்டது.

"யாருக்காக வேலை செய்கிறாய்?" என்று அதிகாரி கேட்டார்.

"சொந்தக் கடை, சார்."

"சூதாட்டக் கடையா?"

"மளிகைக் கடை, சார். பருப்பு, அரிசி."

அதிகாரி நம்பவில்லை. போன வருஷம் பெரிய லீகின் நடுவர் ஒருவரே சூதாட்ட வழக்கில் மாட்டியதிலிருந்து எல்லா டீமும் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. ஒரு ஆட்டக்காரனின் முட்டி எப்படி, அடுத்த வாரம் ஆடுவானா, கடன் உண்டா என்று ஊழியர்களிடம் பெட்டி கொடுத்துக் கேட்கிறவன் யாராக இருப்பான்? பந்தயம் கட்டுகிறவனாக இருப்பான், இல்லை ஆட்டக்காரனை விலைக்கு வாங்கப் பார்க்கிறவனாக இருப்பான்.

"அந்தப் பையனுக்கு நீ என்ன செய்திருக்கிறாய் என்று தெரியுமா?" என்றார் அதிகாரி. "பெரிய லீகில் ஒரு டீமுக்கு ஆள் அடிபட்டிருக்கிறது. பத்து நாள் ஒப்பந்தத்தில் இவனைக் கூப்பிடுவதாக இருந்தார்கள். நேற்று உன் பெட்டியைப் பற்றி நாங்கள் தெரிவிக்க வேண்டியதாகிவிட்டது. விஷயம் தெளியட்டும் என்று நிறுத்தி வைத்திருக்கிறார்கள்."

சிராஜுக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. அடுத்த வாரம் பற்றிப் பேச முடியாது என்றானே, இதைத்தான். போலந்தும் லெபனானும் பிலிப்பைன்ஸும் சுற்றியது அத்தனையும் இந்தப் பத்து நாளுக்காகத்தான். வாய் திறக்காதே என்று சொல்லியிருப்பார்கள், பையன் திறக்கவில்லை. சிராஜ் எழுந்தே நின்றுவிட்டார்.

"சார், நான் பெண்ணைப் பெற்றவன். அவன் எங்கள் வீட்டு மாப்பிள்ளை ஆகப் போகிறவன். அதனால் விசாரித்தேன்."

"மருமகனாகப் போகிறவனின் முட்டியைப் பற்றித் துண்டு கொடுக்கிறவனிடமா கேட்பார்கள்?"

"எங்களில் அப்படித்தான் சார் கேட்பார்கள்."

அதிகாரி அவரை ஒரு மாதிரி பார்த்துவிட்டு ஆதிலை அழைத்துவரச் சொன்னார். பையன் பயிற்சி உடையோடு குனிந்து உள்ளே வந்தான். அவன் சிராஜை நேரில் பார்த்ததே இல்லை. தெரியாது என்று ஒரு வார்த்தை சொன்னால் இவர் கதை கந்தல்.

"அஸ்ஸலாமு அலைக்கும், தம்பி" என்றார் சிராஜ்.

ஃபோனில் கேட்ட அந்தக் குரலை ஆதில் அடையாளம் கண்டுகொண்டான். அவன் முகம் ஒரு கணம் வெளிறி, பிறகு நிதானமானது. "வ அலைக்கும் ஸலாம், அங்கிள்" என்றவன், அதிகாரி பக்கம் திரும்பி, "இவரை எனக்குத் தெரியும். நான் கல்யாணம் செய்துகொள்ள இருக்கிற பெண்ணின் அப்பா. சூதாடுகிற மனிதர் இல்லை. நான் பொறுப்பு" என்றான்.

அதிகாரி அங்கிருந்தே அந்தப் பெரிய லீக் டீமுக்கு ஃபோன் போட்டார். நீண்ட நேரம் கேட்டார், கொஞ்சமாகப் பேசினார். வைத்துவிட்டு, பையனைப் பார்க்காமல் மேஜையைப் பார்த்துச் சொன்னார். சந்தேகம் தீர்ந்தது, பெயரில் கறை இல்லை. ஆனால் அவர்களால் காத்திருக்க முடியவில்லை, காலையிலேயே வேறு டீமிலிருந்து ஒருவனை எடுத்துவிட்டார்கள்.

ஆதில் தலையை மட்டும் ஆட்டினான். பார்க்கிங் வரைக்கும் கூடவே நடந்து வந்தான். சிராஜுக்கு அவன் கத்தினால் தேவலை என்றிருந்தது.

"டவல் குடுக்கறவர்ட்ட கேட்டீங்க, பாப்கார்ன் லேடிகிட்ட கேட்டீங்க" என்றான் ஆதில். "என் நம்பர் உங்ககிட்ட இருக்கு அங்கிள். என்னை ஏன் கேக்கல?"

"மாப்பிள்ளைட்ட நேரா கேக்கறது மரியாதை இல்ல தம்பி."

"எந்த ஊர் போனாலும் என்னைப் பத்தி யாராவது யார்கிட்டயாவது கேப்பாங்க. முட்டி எப்படி, நைட் எங்க போறான், ஆட்டிட்யூட் எப்படின்னு. அது ஜாப், ஓகே. வீட்லயும் அதேதான்னா என்னால முடியாது அங்கிள்." கொஞ்சம் நிறுத்தினான். "தஸ்னீம் கேட்டா. ஃபர்ஸ்ட் கால்லயே எல்லாம் என்கிட்டயே கேட்டா, நானும் சொன்னேன். இந்தப் பத்து நாள் மேட்டர்கூட அவளுக்குத் தெரியும். யார்கிட்டயும் சொல்லாதேன்னேன். சொல்லல."

"தம்பி, தப்பு முழுக்க என்னோடது. பொண்ணு மேல ஒரு குத்தமும் இல்ல. அதுக்காக இதை வேண்டாம்னு சொல்லிடாதீங்க." கடையில் ஒரு நாளும் கெஞ்சியறியாத மனிதர் கையைப் பிடித்துக் கெஞ்சினார்.

"தெரியும் அங்கிள். அதான் ரொம்ப கஷ்டமா இருக்கு" என்றான் ஆதில். கையை மெல்ல விடுவித்துக்கொண்டான். "இது நடக்காதுன்னு அவகிட்ட நீங்களே சொல்லிடுங்க. இன்னிக்கு என்னால பேச முடியாது." ஸலாம் சொல்லிவிட்டு, முட்டி வலியோ என்னவோ, மெதுவாக உள்ளே போனான். மாலை அவனுக்கு ஆட்டம் இருந்தது.

சிராஜ் வீடு வந்து சேர்ந்தபோது மெஹர் நிஷா அடுப்படியில் சமோசா பொரித்துக்கொண்டிருந்தார். தஸ்னீம் ஃபோனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பெரிய டீமின் அழைப்பு இன்றைக்கு வரும், வந்ததும் ஃபோன் செய்கிறேன் என்று ஆதில் அவளிடம் சொல்லியிருந்தானாம்.

"டல்லாஸ் இல்ல, வேக்கோதானே போனீங்க?" என்றாள் அவள், அவர் முகத்தைப் பார்த்ததுமே. "விசாரிச்சாச்சா? வாட் டிட் யூ ஃபைண்ட்?"

"விசாரிச்சேன்மா." சிராஜ் நாற்காலியில் உட்கார்ந்தார். "குடி கிடையாது, கெட்ட சகவாசம் கிடையாது. வாய்ல பொய் வராது. எனக்கே இக்கட்டு வந்தப்ப எனக்காக நின்னான். தங்கமான பையன்மா. சல்லடை போட்டுத் தேடினாலும் இப்படி ஒருத்தன் கிடைக்க மாட்டான்."

"அல்ஹம்துலில்லாஹ்!" என்று மெஹர் நிஷா கரண்டியோடு வெளியே வந்தார். தஸ்னீமின் முகம் மலர்ந்ததைப் பார்க்க முடியாமல் சிராஜ் தரையைப் பார்த்தார்.

"அப்போ ஓகே சொல்லிட்டீங்களா அத்தா?"

"அவன் வேண்டாம்னுட்டான்மா."

தஸ்னீம் ஃபோனை மடியிலிருந்து எடுத்துக் கீழே வைத்தாள். அழவில்லை. பிறகு, எப்போதும் ஆங்கிலத்தில் முடிக்கிறவள், முழுக்கத் தமிழிலேயே கேட்டாள்.

"யார வேணாம்னான் அத்தா? என்னையா, உங்களையா?"

அதற்கு விடை தெரிய சிராஜ் யாரையும் விசாரிக்க வேண்டியிருக்கவில்லை.